தாளம் பிசகாத ஜீவன்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் குலுங்கி நின்று, விளக்கும் அணைந்தபோது, அந்தப் பெரிய உடம்புக்காரர் பைக்குள் கைவிட்டு ஒரு சுத்தியலை எடுத்தார்.

யெர்சன் மூலையில் ஒண்டினான். பதினாறு வயது. முதுகுப்பையைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

அவர் சுத்தியலால் கம்பிக் கதவைத் தட்டினார். "யாராவது இருக்கீங்களா? கரண்ட் போச்சு! உள்ளே ஆள் மாட்டிக்கிட்டோம்!" டம், டம், டம்-டம். ஒவ்வொரு நாலாவது அடியும் முந்திக்கொண்டு விழுந்தது.

முந்தி விழும் அந்த நாலாவது அடியை யெர்சனுக்குத் தெரியும்.

‘கோணல் கம்பங்கள்’ என்று ஒரு ராக் குழு. லிமாவிலேயே யாருக்கும் நினைவில்லை. எண்பத்தேழில், புறநகரான கோமாஸில் ஒரு கார் ஷெட்டுக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு இசைத்தட்டைப் பதிவுசெய்தார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவரோடுதான் இப்போது அவன் அடைபட்டிருக்கிறான்.

அந்தத் தட்டைக் கிழிகிழியென்று கிழித்து, ‘கரப்பான்’ என்ற பெயரில் விமர்சனம் எழுதி, நகலெடுத்து, நாலாவது மாடியின் இசைத்தட்டுக் கடைச் சுவர்களிலெல்லாம் ஒட்டியவன் அவன். சுத்தமாகப் பதிவான ராக் பாட்டு எலுமிச்சை பிழியாத பச்சை மீன், வாயில் வைக்க முடியாது என்பது கரப்பானின் கட்சி. ஆனால் கோணலுக்கும் ஒரு அளவு உண்டு என்பதும் அதே கரப்பானின் கட்சிதான். கரப்பான் நடத்தும் நகல் பத்திரிகையின் அடுத்த இதழில் நாற்பது பிரதிகள் முதுகுப்பையில் இருந்தன. பையின் ஜிப் போன மாதமே பிய்ந்துவிட்டது.

"பயப்படாதே, தம்பி. நான் தச்சன். சுத்தியல் இல்லாம வெளிய கிளம்ப மாட்டேன்." அவர் செல்போன் விளக்கைப் போட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மேல தட்டு வாங்கத்தானே போறே? அப்போ கரப்பானைத் தெரியுமா?"

"எங்க வீட்டுல கரப்பான் இல்ல, மாமா."

"அடேய், எழுதற கரப்பான்டா!" சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சுவரிலிருந்து பிய்த்தது, பசை காய்ந்த மூலைகளோடு, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "மூணு வாரமா அலையறேன். கையில மட்டும் கிடைக்கட்டும் அவன்!"

செல்போன் வெளிச்சத்தில் உரக்க வாசித்தார். "‘பாடகர் பல் பிடுங்கும்போது பாடுகிறார். டிரம்மர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துவிடாதீர்கள். இந்தத் தட்டில் தாளம் பிசகாத ஒரே ஜீவன் அங்கேதான் இருக்கிறது.’" காகிதத்தைத் தாழ்த்தினார். "பஸ்ஸைப் பிடிக்க ஓடறது யாரு தெரியுமா? நான்தான். தாதேயோ."

"அநியாயம் மாமா!" யெர்சனின் குரல் கீச்சென்றது. "வயித்தெரிச்சல்ல எழுதியிருப்பான். நான் கேட்டிருக்கேன். செம தட்டு! அதுல டிரம்ஸ்தான் உசுரே."

"கேட்டிருக்கியா?" தாதேயோ ஒரு அடி நெருங்கினார். சுத்தியல் கையிலேயே இருந்தது. "அப்போ சொல்லு. கடைசில வர்ற அந்த ஒரே ஜீவன் யாரு?"

யெர்சனின் முதுகுக்குப் பின்னால் காகிதங்கள் சரசரத்தன. பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லக்கூடியவன் ஊரிலேயே ஒருத்தன்தான். அவனைத்தான் இந்த மனுஷர் தேடுகிறார்.

யெர்சன் பதிலை விழுங்கினான். "பாடகர்தானே, மாமா?"

தாதேயோவின் முகம் தொங்கிப்போனது. சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"நீயும் கேட்டதில்ல" என்றார்.

"முந்நூறு தட்டு போட்டோம்டா. யாரைக் கேட்டாலும் செம, சூப்பர்னுதான் சொல்றாங்க. என் மச்சானும் அதான் சொன்னான், அவன் வீட்டுல தட்டு போடற மெஷினே கிடையாது. கண்றாவியா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல இந்தக் கரப்பான் ஒருத்தன்தான் கடைசி நொடி வரைக்கும் கேட்டிருக்கான்." காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே பத்திரமாக மடித்தார். "அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வெச்சு, ஒரு தடவை முழுசா கேக்கணும்னு ஆசை. ஊசியை எடுக்காம."

விளக்கு வந்தது. லிஃப்ட் ஒரு உதறு உதறி மேலேறி, நான்காவது மாடியில் நின்றது. தாதேயோ கம்பிக் கதவைத் தள்ளித் திறந்தார். "போ, தம்பி."

யெர்சன் வெளியே பாய்ந்தான். படிக்கட்டு வரை ஓடினான். யாரும் துரத்தவில்லை. லிஃப்ட்டுக்குள் அந்தப் பெரிய உடம்பு, தரைத்தளத்துக்கான பொத்தானைத் தேடிக் குனிந்திருந்தது.

அவன் திரும்பி வந்து, மூடப்போன கதவுக்குள் காலை வைத்தான்.

"மாமா, பாட்டு முடிஞ்சப்புறம் கரெக்டா நாலு தடவை குரைக்குதே... அந்த நாய் பேரு என்ன?"