ஒரு பை என்னுடையது

கல்முனையில் எனக்கென்று கட்டிய சீதன வீட்டை, வாப்பா போன மாதம் கல்யாணம் பேசி முடிந்த தங்கை நுஸ்ஹாவுக்கு எழுதிவிட்டார். "நீ படிச்ச புள்ள, உனக்கென்ன?" என்றார். படித்து நான்கு வருடமாக வேலையில்லை, மாப்பிள்ளையுமில்லை.

கல்யாணத்துக்கு முன் நுஸ்ஹாவின் தைரொய்டை அறுத்து எடுக்க வேண்டும். அதற்கு நாடித்துடிப்பு இறங்க வேண்டும். விழுங்கிய குளிசை எதற்கும் துடிப்பு கேட்கவில்லை, நூற்று நாற்பதிலேயே நின்றது. கடைசியில் ஹோர்மோன் மிஞ்சிய அவளுடைய இரத்தப் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, மற்றவர்கள் கொடுத்த பிளாஸ்மாவை ஏற்றினார்கள். ஒரு பை என்னுடையது.

மறுநாள் துடிப்பு நூற்றுப்பத்து.

"அல்ஹம்துலில்லாஹ், மொகம் தெளிஞ்சிட்டு. பாரு மகள்" என்று உம்மா கைபேசிக் கெமராவில் அவள் முகத்தை அவளுக்கே காட்டினார்.

நுஸ்ஹா திரையில் தெரிந்த தன் முகத்தை உற்றுப் பார்த்துச் சொன்னாள்:

"இவ ஆரு அந்தக் குசினியில சமைக்க? நீல ஜன்னல் வெக்கச் சொன்னது நான்."

வீடு கட்டும்போது ஜன்னலுக்கு நீலம் கேட்டது நான்தான். மற்றதை அவளை நினைத்து மனதுக்குள் மட்டும்தான் சொல்லியிருந்தேன், தினமும், இதே சொற்களில்.

உம்மா காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது.

தாதி வந்தார். "இன்னொருக்கா ஏத்தோணும். ஆரு தாறீங்க?"

நான் அபாயாவின் கையைச் சுருட்டினேன்.