அஞ்சு வார்த்தை

"ஒண்ணுகூட இல்லம்மா" என்று கட்டுரைத்தாளை மேசைமேல் போட்டார் சேவியர் சார்.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில், ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பிஎஸ்எல்இ பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை என்றால் சேவியர் சார் டியூஷன்தான். இடம் கிடைப்பதற்குள் பெத்தவர்களுக்குப் பாதி முடி கொட்டிவிடும். குளத்தைப் பற்றி எழுதினால் அவர் பட்டியலிலிருந்து அஞ்சு வார்த்தை வந்தே ஆகணும். நாணல் மண்டினால் 'ரீடி', கோரை மண்டினால் 'செட்ஜி', பாசி என்றால் 'மாஸி'. சார் குளத்துப் பக்கம் போய் எத்தனை வருஷமாச்சோ, தெரியாது.

வைதேகி மகளின் தாளை எடுத்து விரல் வைத்துத் தேடினாள். படிக்கவில்லை. அந்த வார்த்தைகளைத்தான் தேடினாள்.

"ஏன்டி எழுதல?"

"பாசிர் ரிஸ் குளத்துல நாணலே இல்லம்மா. ஒரு அங்கிள் தண்ணில எறங்கிப் புல்லு வெட்டிட்டிருந்தாரு. அவரைப் பத்திதான் எழுதினேன்" என்றாள் இளமதி.

"புல்லு வெட்டுறவரைப் பத்தி யாரு படிப்பா?" சார் சிரித்தார். "இன்னொரு தடவை இப்படின்னா சீட்டை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவேன் லா."

வைதேகிக்கு அழுகையே வந்துவிட்டது. பரீட்சைக்கு இரண்டே மாதம். "இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு, வீடு வரைக்கும் மகளைத் திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மாதிரிக் கட்டுரை வந்தது. கீழே 'சேவியர் சார்' என்று பெயர். ஆளாளுக்குக் கும்பிடு பொம்மை போட்டார்கள்.

வைதேகி இதை வரிவிடாமல் படித்தாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மனிதர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பறவைக்கூடு இருந்த ஒரு கொத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரையேறுகிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"அதே புல்லு வெட்டுறவர்தான். சார் எழுதினா எப்படி இருக்குன்னு பாரு. உனக்கு இப்படி ஒரு வரி வருமா? நாளைக்குள்ள மனப்பாடம் பண்ணு." போனை நீட்டினாள்.

இளமதி தலைப்பை மட்டும் பார்த்தாள். போனை வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள்.

அஞ்சு இடத்தில் மட்டும் வைதேகி வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.