சாம்பல் ஒட்டிய இழை

பள்ளிக்கூட மணியின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை. சாய்ந்த வெயில் சைக்கிள் கம்பிகளின் நிழலை வாசல் புழுதியில் நீட்டிப் போட்டிருக்கிறது. தினமும் கிருஷ்ணவேணியை ‘எழவு வீடு’ என்று கூப்பிடும் துரைக்கண்ணு, இன்று பேசாமல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறான். அதில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டிழை. சாவதற்கு முதல் நாள் அவள் அம்மா வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை முறுக்கிப் பிணைத்தபோது மிஞ்சிய இழை. முறுக்கிய இடத்தில் அந்தச் சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கிருஷ்ணவேணி அதை வகுப்புத் தோழன் சுமதிநாதன் ஒருவனிடம்தான் கொடுத்தாள். புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அவள் விரலை ஒரு கணம் பிடித்திருந்தான். இப்போது துரைக்கண்ணுவின் பக்கத்தில் நின்று சைக்கிள் பெடலைக் காலால் சுழற்றிக்கொண்டிருக்கிறான்.

“கேட்டான், குடுத்தேன். நூலுதானே வேணி,” என்கிறான், பெடலைப் பார்த்தபடியே.

மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். கிருஷ்ணவேணி உள்ளங்கையை நீட்டியபடி நிற்கிறாள். துரைக்கண்ணு இழையைக் கட்டைவிரலால் தேய்க்கிறான். விரலில் சாம்பல் படிகிறது.

“அய்ய, அழுக்கா இருக்குதுபா,” என்று விரலை நிக்கரில் துடைத்துக்கொள்கிறான்.