கடைசித் தட்டு

மச்சானைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு வந்து, நாளையிலிருந்து குறியும் நானே போட வேண்டும் என்று என்னிடம் சொன்னார் சூப்பர்வைசர்.

டிரில்லிங் மெஷின் முன்னால் நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. இரும்பு வில்லையை எடுப்பார். கவராயத்தை விளிம்பில் ஊன்றி நாலு பக்கமிருந்தும் கீறுவார். நடுவில் கடுகளவு ஒரு கட்டம் விழும். அதற்குள் பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. அந்தப் புள்ளியில்தான் நான் துளை போட வேண்டும்.

ஆறு மாதமாக நான் அதில் போடவில்லை. அவர் புள்ளி எல்லாமே ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளி இருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மனுஷன், போகட்டும் என்று பக்கத்தில் என் பஞ்ச் உளியால் வேறு புள்ளி குத்தித் துளை ஓட்டினேன். அப்படியும் பாதி வில்லை கழிவாகித் திரும்பி வந்தது. இரண்டு பேரில் ஒருவரை அனுப்பப்போகிறோம் என்று ஆபீசில் பேச்சு வந்தபோது, யார் கண்ணில் கோளாறு என்று நான்தான் சொன்னேன்.

பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

இன்று போகும்போது மச்சான் ஒரு தட்டு வில்லையை என் மேசையில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் குறி போட்டாச்சு மாப்ள. இதையாவது நான் குத்துன எடத்துல ஓட்டு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எவனையும் நம்ப வேணாம்."

குத்தலா, வேடிக்கையா, தெரியவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. சரி, அவர் புள்ளியிலேயே போடுகிறேன். தட்டு மொத்தமும் கழியட்டும். நான் சொன்னது சரிதான் என்று ஊருக்கே தெரியட்டும்.

முதல் வில்லையை வைஸில் இறுக்கினேன். டிரில் பிட்டின் முனையை அவர் புள்ளியில் இறக்கினேன். தெரிந்தே தப்பான இடத்தில் இறக்குவதற்குக் கை கூசியது.

துளை விழுந்ததும் அளவுக் கிண்ணத்தில் போட்டேன். கிண்ணத்தின் நடுவில் ஒரு ஊசி நிற்கும். துளை நட்டநடுவில் இருந்தால்தான் வில்லை ஊசியில் இறங்கி அடியில் உட்காரும்.

உட்கார்ந்தது.

இரண்டாவதும். பத்தாவதும். முப்பதாவதும்.

சூப்பர்வைசர் வந்து நாலைந்தை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா பெரியவரே, உங்க மச்சான் கேட்டத் தாண்டுனதும் சனியன் வெலகிடுச்சு."

துளை போடாத வில்லை ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். புள்ளி எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று கேட்டேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை, இடப்பக்கம்.

வில்லையை அரைச் சுற்றுத் திருப்பினேன்.

அப்போதும் இடப்பக்கம்தான்.

தட்டில் இன்னும் இருபது வில்லை இருந்தது. மச்சான் போட்ட குறி அத்தோடு சரி.