ஈடுபாடு: பூஜ்யம்

“மத்தவங்க எல்லாம் ஒரு நாளைக்கு அறுபது டோக்கன் பார்க்கறாங்க. உனக்கு மட்டும் இருபத்தேழு! கவுன்டர்ல உட்கார்ந்து தூங்கறியா, சைரா?”

மலைநகரமான நாரினின் வங்கிக் கிளை மேனேஜர் மெதெர், தாளை மேஜையில் விட்டெறிந்தார்.

“பென்ஷன் வாங்கற பெரியவங்க ஆசீர்வாதம் பண்றாங்க அண்ணே. அவங்க ‘ஓமின்’னு முடிச்சு முகத்தைத் தடவற வரைக்கும் நாம ஏந்தின கையை எடுக்கலாமா?”

“மத்தவங்க அடுத்த டோக்கனை அழுத்தலையா? கேமராவுல பார்த்தேன். ஒவ்வொருத்தர் முன்னாடியும் ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு உட்கார்ந்திருக்க. இது பேங்க்கா, மசூதியா?”

மெதெர் இன்னொரு தாளை உருவினார்.

“இந்த லட்சணத்துல, வேலையில திருப்தி பத்துக்குப் பத்துன்னு எழுதிக் கொடுத்திருக்க! வேலையே செய்யலேன்னா திருப்திக்கு என்ன குறைச்சல்? போ.”

ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. மெதெர் படிவத்தில் சைராவின் பெயரை எழுதி, ‘ஈடுபாடு: பூஜ்யம். நீக்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதமாகவே அவருக்கு எல்லார் மேலும் எரிச்சல். தன் வீட்டுக் கஷ்டத்தை அறைக்குள் போனில் பேசுவதோடு சரி, அலுவலகத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. சம்பளம் வந்தால் போதும் என்கிற கூட்டம் என்று கசந்துபோயிருந்தார்.

படிவத் தாளோடு அறையைவிட்டு வெளியே வந்தார். கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் சுவரோரம் நின்றிருந்தார்.

“ரெண்டாவது கவுன்டர் காலியா இருக்கே, பெரியவரே?”

“இருக்கட்டும். நான் நாலாவதுக்குத்தான் போவேன். அந்தப் பொண்ணு சைரா கூப்பிடட்டும்.”

“அவ அப்படி என்ன செஞ்சுட்டா?”

“நம்ம ஆசீர்வாதத்தை முழுசா வாங்கிக்கறது அவ ஒருத்திதான். அதையும் தனக்குன்னு கேக்க மாட்டா. ‘எங்க மேனேஜர் மகன் ரெண்டு மாசமா தலைநகர் பிஷ்கெக்ல ஆஸ்பத்திரியில கிடக்கான். அவன் எழுந்து நடக்கணும்னு சொல்லுங்க தாத்தா’ம்பா. எங்க மேய்ச்சல்காரங்க எல்லாரும் சொல்லியிருக்கோம்.”

மெதெர் கையிலிருந்த தாள் கசங்கிப் பந்தாயிற்று. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கிழவர் அவர் சட்டையில் குத்தியிருந்த வங்கி அட்டையைப் பார்த்தார்.

“நீயும் இங்கதான் வேலை பார்க்கறியா தம்பி? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குமே. அந்தப் பிள்ளை இப்ப நடக்கறானா?”