இருபத்திரண்டாம் எண் சட்டை

"சட்டையைக் குடுங்க கோச். என் முறைதானே."

கீனன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

வெண்டெல் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சலவை அறையில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயவைக்கும் மெஷினுக்கும் நடுவே, அந்தச் சட்டையைச் சுருட்டி வயிற்றோடு அணைத்தபடி நின்றார்.

சனிக்கிழமை காலை. மாடியில் மற்ற பையன்கள் நேற்றைய ஆட்டத்தின் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

படமென்றால் சத்தமில்லாத படம். மைதானத்தின் உச்சியிலிருந்து எடுப்பது. எவன் ஓடினான், எவன் நின்றான் என்பது மட்டும் தெரியும்.

சட்டை துவைக்கிற வழக்கம் வெண்டெல் கொண்டுவந்ததுதான். அமெரிக்கக் கால்பந்தில், தூக்கிப் போடுகிற பந்தை எட்டிப் பிடிக்கிற பையன்களுக்கு அவர் கோச். பிடித்துவிட்டால் ஊரே எழுந்து நின்று கத்தும். ஆனால் பந்து இருபத்திரண்டாம் எண் ராய்ஸின் கைக்குப் போய் அவன் ஓடத் தொடங்கினால், இவர்களுக்கு வேறு வேலை. எதிரே நிற்கிற ஆளை நெஞ்சு கொடுத்து மறிக்கவேண்டும், ராய்ஸ் தாண்டிப் போகும் வரைக்கும். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. அதனால் யாரும் மனசு வைத்துச் செய்வதும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

வெண்டெல் கத்திப் பார்த்தார். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார். நன்றாக மறித்தவனின் ஹெல்மெட்டில் நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தார்.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தார். நீ மறிக்காமல் விட்ட ஆள் ராய்ஸை அடித்தால், ராய்ஸின் சட்டையை நீ துவைக்கவேண்டும். மெஷினில் இல்லை, கையால். எது சேறு, எது ரத்தம் என்று உன் விரலுக்குத் தெரியவேண்டும்.

அப்போதெல்லாம் ராய்ஸ் அந்த மெஷின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். சூரியகாந்தி விதையைக் கொறித்து, தொலியைத் தொட்டித் தண்ணீரிலேயே துப்புவான்.

"மகாராஜா, கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம். பந்து புடிச்சுப் பேரு வாங்குன கை, அழுக்கையும் புடிக்கட்டுமே!"

கீனன் நுரையை அள்ளி அவன் மூஞ்சியில் அடிப்பான். அடுத்த வாரம் எதிராளியை வேலிவரைக்கும் தள்ளிக்கொண்டு போவான். இந்த வருஷம் அவன் தொட்டிப் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவை.

இன்று மெஷின்மேல் யாரும் இல்லை. ராய்ஸ் ஓஹியோ ஆற்றுக்கு அக்கரையில், பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பாதத்தில் ஊசியால் குத்தினால் தெரியவில்லையாம்.

நேற்று ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருந்தது. இவர்கள் இருபத்தொரு புள்ளி முன்னால். ராய்ஸ் பந்தோடு ஓரமாக வந்தான். கீனன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் மறித்திருக்கவேண்டியவன் அவனைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு ராய்ஸை நோக்கி ஓடினான்.

ராய்ஸ் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அது கீனன் நின்ற பக்கம். பார்க்கவேண்டிய அவசியம் அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

விடியற்காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராய்ஸின் அம்மா கீனனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டா கண்ணு, ஏன் நின்னுட்டே?"

"சோம்பல்தாம்மா," என்றான் கீனன்.

வெண்டெல் இரண்டடி தள்ளி, காகிதக் கோப்பையில் காப்பியோடு நின்றிருந்தார். அவள் உள்ளே போகும்வரை அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச்," என்றான் கீனன் மறுபடியும். "குடுங்க. இல்லாட்டி மேல எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்துச் சொன்னான்.

வெண்டெல் வாயைத் திறந்தார்.

அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம். பையன்கள் இறங்கி வந்தார்கள். "மரக்கட்டை மாதிரி நின்னான் பாரு," என்றது ஒரு குரல். இன்னொருவன் சலவை அறை வாசலில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான்.

எல்லாக் காலடியும் போய் அடங்கும்வரை வெண்டெலின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

சட்டையைக் கொடுத்தார்.

கீனன் அதைப் பிரித்தான். கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை நேராக வெட்டியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களின் கத்தரி. எண்ணின் ஒரு '2' இந்தப் பாதியில் தொங்கியது, இன்னொரு '2' அந்தப் பாதியில்.

பையன் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டான். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியோடு நின்றுவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கழுத்துப் பக்கத்தை முதலில் தேய்த்தான்.

வெண்டெல் வாசலுக்கு முதுகு காட்டி நின்றார்.

ராய்ஸின் அந்த ஓட்டத்துக்குச் சற்று முன்னால், கோட்டோரத்தில் அவர் கீனனின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து அருகே இழுத்தது படத்தில் இருக்கிறது. அங்கேயும் அவருடைய முதுகுதான் தெரியும், சொன்னது கேட்காது.

"ஜெயிச்சாச்சுடா தம்பி. இனிமே எவனையும் மறிக்காதே, சும்மா நில்லு. திங்கக்கிழமை காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க உன்னைப் பாக்க வராங்க. கால் முட்டி பத்திரம்."