ஐந்தாவது வாரம்

"மூணு நாளா?" என்றாள் அர்மெல். "பதினோரு மணி நேரம் விமானத்துல உக்காந்து போய், மூணே மூணு நாள் இருந்துட்டு வர்றதா?"

"ரெண்டு ராத்திரி விமானத்துலேயே தூங்கிடலாம். அறை வாடகை மிச்சம்" என்றாள் மரிவோன். தலையில் காகிதக் கிரீடம். ஜனவரி கேக்குக்குள் ஒளித்து வைத்த பீங்கான் பொம்மை இந்த வருஷம் அவள் துண்டில் வந்துவிட்டது; அதனால் இன்று அவள்தான் ராணி.

மத்தி மீன் டப்பா தொழிற்சாலையின் ஓய்வறை. அர்மெல், மரிவோன், ரோசென், குவெனோலா நாலு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே மேசையில் மீன் அடுக்குகிறவர்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரே பேச்சு, ரீயூனியன் தீவு. அதுவும் பிரான்சுதான், பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல். மூன்று நாளைக்காவது மீன் நாற்றம் இல்லாத கை.

வருஷத்துக்கு ஐந்து வாரம் விடுப்பு, வாரத்துக்கு ஆறு நாள் கணக்கு. ஆகஸ்டில் மூன்று வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் தொழிற்சாலையே மூடிவிடும். அப்போதெல்லாம் டிக்கெட் யானை விலை. மிச்சம் இருக்கிற ஐந்தாவது வாரம் ஒன்றுதான் அவரவர் இஷ்டத்துக்கு. இந்த மே மாதப் பயணத்துக்கென்று அதை நாலு பேரும் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் பேச்சு.

"உங்க வாரம் எங்க போச்சு அக்கா?" என்று மரிவோனைக் கேட்டாள் அர்மெல்.

"வீட்டுக்கு வெள்ளை அடிச்சேன்டி."

போன ஞாயிறுதான் அர்மெல் அந்த வீட்டுக்குப் போய் வந்தாள். சுவரில் அதே பழைய மஞ்சள்.

"உனக்கு?"

"பல்லு" என்றாள் ரோசென்.

"ஆறு நாளாவா பல்லு பிடுங்கினாங்க?"

"பெரிய பல்லு."

குவெனோலா சிரித்துக்கொண்டே, "நான் தூங்கியே தீர்த்துட்டேன்" என்றாள். "விடுடி. மே மாசம் ஒரு வியாழக்கிழமை பண்டிகை, வெள்ளிக்கிழமை கம்பெனியே லீவு விடுது. புதன் மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சதும் ரயில், ராத்திரி விமானம். சனி ராத்திரி திரும்பக் கிளம்பிடலாம். நாலு பேருக்கும் ஒரே அறை. சாப்பாட்டுக்கு நம்ம டப்பாவையே கட்டிக்கலாம்."

"மத்தியை மறக்கத்தானேடி போறோம்?" என்றாள் மரிவோன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அர்மெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அலமாரிக் கதவின் உட்புறம் அந்தத் தீவின் படம் ஒட்டியிருக்கிறது. அக்டோபரில் மகன் மாலோ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தத் தீவின் கதையைச் சொல்லித்தான் அவனைத் தூங்க வைப்பாள். "அங்க மணல் கறுப்பா இருக்குமாமே. ஒரு மத்தி டப்பா நிறைய கொண்டு வாம்மா" என்பான். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். காலி டப்பாவைக் கழுவி அவளிடம் கொடுத்தும் விட்டான்.

"எனக்கு எல்லாம் புரியுது" என்றாள் அர்மெல். "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீங்க மூணு பேரும் என்னை விட்டுட்டு எங்கேயோ போயிட்டு வந்துட்டீங்க. அத்தனை கஷ்டத்துலயும் என் வாரத்தை நான் தொடல. உங்களால முடியல, இல்ல?"

சிரிப்பு அடங்கிவிட்டது. ரோசென் கேக் துணுக்குகளைக் கூட்டி ஒதுக்கினாள். மரிவோன் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீ கோபப்படறது சரிதான்டி" என்றாள். அவ்வளவுதான்.

மறுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட அர்மெலுக்கு ஆறியிருக்கும். விறுவிறுவென்று அலுவலகத்துக்குப் போய் விடுப்புச் சீட்டை வாங்கி, ஆறு நாளையும் அந்தப் பண்டிகையோடு சேர்த்து எழுதினாள்.

விடுப்புக் கணக்குப் பார்க்கும் லோயிக் சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"நீங்க மட்டுமா?"

"ஆமா, தனியாத்தான் போறேன். அவங்க மூணு பேரும் அக்டோபர்லயே வாரத்தை ஊதித் தள்ளிட்டாங்க. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறந்தாலே பொய்."

லோயிக் பேனாவைக் கீழே வைத்தான்.

"அக்டோபர்ல பையனைப் பார்த்துக்க உங்களுக்குப் பதினெட்டு நாள் லீவு வந்துச்சே, யார் கொடுத்ததுன்னு தெரியுமா?"

"இங்க வேலை செய்றவங்கதான். ஆளுக்கு ஒரு நாளா அவங்கவங்க லீவுலேர்ந்து எழுதிக் கொடுத்திருப்பாங்க. பேர் சொல்லக்கூடாதுன்னு சட்டமாச்சே. அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா கேக் செஞ்சு கொண்டு வந்தேன்." குவெனோலா அதில் இரண்டு துண்டு சாப்பிட்டாள் என்பது கூட அர்மெலுக்கு ஞாபகம் இருந்தது.

"பேர் சொல்ல எனக்கு உரிமை இல்லைங்க" என்றான் லோயிக். அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். "நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. கோப்பில் மீன் எண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதம். அக்டோபர் தேதி. கையெழுத்து எதுவும் இல்லை.

'எங்க மூணு பேரோட ஐந்தாவது வாரத்தையும் அர்மெல் பேருக்கு எழுதிடுங்க. அவ வாரத்தை மட்டும் தொட வேண்டாம். நாலு பேர்ல ஒருத்தியாவது அந்தத் தீவைப் பார்த்துட்டு வரட்டும்.'